ஆறாம் பக்கத்தை வாசிக்கவும்

2016 செப்டெம்பர் 6, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். தேநீர் குடித்துவிட்டு, முதல் நாள் குறிப்பில் விடுபட்டிருந்த இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். பென்சில் மூன்றைச் சீவினேன். சிவப்புப் பேனை இரண்டையும் பழைய தாளில் கிறுக்கிப் பார்த்தேன். ஒன்று விட்டு விட்டு எழுதியது. அதை வைத்துவிட்டுப் புதியதை எடுத்தேன். ஆறு நாற்பதுக்குக் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, ஏழு ஐம்பதுக்கு வெள்ளவத்தையில் இறங்கினேன். காலி வீதியைக் கடந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் நிறுவனம். எட்டு மணிக்கு என் கதிரையில் இருந்தேன். அன்று திருத்துவதற்கு விடைத்தாள் இல்லை. பெறுபேறுகளை வெள்ளிக்கிழமையே ஒட்டியாகிவிட்டது. கட்டுகளை இலக்க வரிசைப்படி அடுக்கி அலுமாரியில் வைப்பது மட்டுமே வேலை.

பிற்பகல் மூன்று பத்து வரை அந்த நாளைப் பற்றி நாட்குறிப்பில் வேறொன்றும் இல்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் பாயிஸ். அந்த வருடம் எங்கள் பரீட்சகர் குழுவில் வயதில் இளையவர் அவர்தான். இன்று குழுவின் தலைவர். நான் சென்ற வருடக் கடைசியில் ஓய்வுபெற்றேன். போன மாதம் தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், இப்ப எல்லார்ட முதல் வசனமும் நல்லாத்தான் இரிக்கி. அதுதான் பிரச்சினை."

"நல்லா இருந்தா சந்தோசம்தானே?"

"வீட்டுல இருந்து எழுதி அனுப்புற கட்டுரை சேர். போனுட்ட கேட்டா அது எழுதிக் குடுக்குது. நாப்பது பேரும் நாப்பது தங்க வசனம். எதை நம்பிப் புள்ளி போடுறது? நீங்க அந்த நூத்திநாப்பத்தேழாம் இலக்கத்தைப் பத்தி எழுதிக் குடுங்களேன். புதுசா வந்த பரீட்சகர்மார் வாசிக்கட்டும்."

எழுதுவதாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான், அது என்னுடைய பிழையைப் பற்றிய கதை என்பது உறைத்தது.

நான் சேர்ந்தது 1994இல். இருபத்தேழு வயது, புவியியல் பட்டம், திருத்தும் வேலையில் அனுபவம் பூச்சியம். பகலில் வேலை செய்துகொண்டு மாலையில் படிக்க வருபவர்களுக்காக எங்கள் நிறுவனம் ஒரு வருடக் கல்விநெறியைத் தமிழில் நடத்தியது. அதில் கட்டுரைத் தாள் கட்டாயம். மற்ற ஐந்து பாடங்களில் எண்பது எடுத்தவருக்கும், கட்டுரையில் நாற்பது இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை.

பிரதான பரீட்சகர் மிஸிஸ் தேவராஜா. என்னைவிட எட்டு வயது மூத்தவர். விடைத்தாளைப் பற்றிப் பேசும்போது கதிரையில் இருக்கமாட்டார். பாராட்டவும் மாட்டார்; திருப்தியென்றால் பேனை மூடியைப் போடுவார், அவ்வளவுதான். திருப்தியில்லையென்றால், "கேட்டுப் பார்ப்பம், வாரும்" என்பார். அதற்கு அர்த்தம் சமையலறைக்குப் போவது.

முதல் வாரம் எனக்குத் தரப்பட்ட பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: கல்வி என்ற தலைப்பில் ஒரு கட்டுரைக்கான நிலைப்பாட்டு வசனத்தை எழுதுவது. கட்டுரை வேண்டாம், வசனம் மட்டும். கட்டுரை முழுவதும் எதை நிறுவப்போகிறது என்பதை ஒரே வசனத்தில் சொல்லவேண்டும். 'கல்வி மனித வாழ்வுக்கு இன்றியமையாதது' என்று எழுதிக் கொடுத்தேன். மிஸிஸ் தேவராஜா தாளை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னால் போனேன். சமையலறையில் சோமா அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். சிங்களப் பெண்மணி, கொட்டாஞ்சேனையில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே வரும்; அம்மா, ஐயா என்பதற்கு மட்டும் நோனா, மாத்தயா என்பார்.

"சோமா, கல்வி வாழ்க்கைக்கு முக்கியம் எண்டு இவர் சொல்றார்."

"ஓம் நோனா, முக்கியம்தானே." தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் மிஸிஸ் தேவராஜா சொன்னார்: "பாத்தனீரோ? அவ கோப்பை கழுவுறதை நிப்பாட்டேல்லை. எல்லாரும் ஓம் எண்டு சொல்ற விசயத்துக்கு எட்டுப் பக்கம் எதுக்கு?"

அடுத்து, 'இக்கட்டுரையில் கல்வியின் பயன்களை ஆராயவுள்ளேன்' என்றேன். சோமா அக்கா, "நல்லது மாத்தயா, செய்யுங்க" என்றார். 'கல்வியில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்பதற்கு, "எல்லாத்திலயும் அப்படித்தானே" என்று கிடைத்தது. ஐந்தாவது நாள், 'பரீட்சை வைக்காத பாடத்தைத்தான் பிள்ளைகள் விரும்பிப் படிக்கின்றனர்' என்று எழுதினேன். சோமா அக்கா குழாயை மூடினார்.

"யார் சொன்னது? என் மகன் சித்திரம் படிக்கிறான். பரீட்சை இல்லை. கொப்பி முழுக்க வெள்ளை!"

மிஸிஸ் தேவராஜா பேனை மூடியைப் போட்டார். "இப்ப நீர் இவவுக்குப் பதில் சொல்லவேணும். அந்தப் பதில்தான் கட்டுரை."

மற்றதெல்லாம் வேலையில் பழகியவை. எங்கள் திருத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பிழை அதற்குள்தான் நடந்தது.

விடைத்தாளில் பெயர் இராது, சுட்டிலக்கம் மட்டும். ஒவ்வொரு பரீட்சகருக்கும் ஒரு கட்டு. முதலில் 'கோட்டுச் சுற்று'. ஒவ்வொரு விடைத்தாளிலும் முதற்பக்கத்தை மாத்திரம் வாசித்து, நிலைப்பாட்டு வசனத்தின் கீழ் பென்சிலால் கோடு போடுவோம். அப்படியொரு வசனம் இல்லையென்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு பூச்சியம். கட்டு முழுவதும் அப்படி முடிந்த பிறகு இரண்டாம் சுற்று. சிவப்புப் பேனையால் முழுக் கட்டுரையையும் திருத்துவோம். வாசித்த பக்கத்தின் அடியில் சிறிய சரி அடையாளம் போடுவோம். நிலைப்பாட்டைவிட்டு விலகும் இடங்களில் ஓரத்தில் 'வி' என்று எழுதுவோம். பென்சில் பூச்சியம் உள்ள கட்டுரைக்கு முப்பத்தொன்பதுக்கு மேல் போடக்கூடாது. விதியை எழுதியவர் மிஸிஸ் தேவராஜா. எனக்கு அது மிகவும் பிடித்த விதி. இரண்டு பரீட்சகர் ஒரே தாளைத் திருத்தினாலும் புள்ளி அதிகம் விலகாது. இருபத்திரண்டு வருடம் அப்படியே செய்தேன்.

செப்டெம்பர் 6, மூன்று பத்து. விண்ணப்பம் வாங்கும் கருமபீடத்தில் எழுதுவினைஞர் இல்லை, தேநீருக்குப் போயிருந்தார். முப்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க பெண்ணொருவர் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி நின்றார். கட்டுகளை வைத்துவிட்டுத் திரும்பிய நான் படிவத்தை வாங்கினேன்.

"மீளாய்வுக்குங்க சார்."

பெயர் செல்வராணி. சுட்டிலக்கம் 147. என் கட்டு 101 முதல் 212 வரை. ஆகவே என்னுடைய தாள். நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. 'காரணம்' என்ற இடத்தில் வழக்கமாக, 'நன்றாக எழுதினேன்', 'கூட்டலில் பிழை இருக்கலாம்' என்றெல்லாம் இருக்கும். இவர் எழுதியிருந்தது ஒரே வரி: 'ஆறாம் பக்கத்தை வாசிக்கவும்.'

எனக்குச் சுருக்கென்றது. "தங்கச்சி, எல்லாப் பக்கமும் வாசிச்சுத்தான் புள்ளி போடுறது."

"சரிங்க சார். அப்ப ஆறாம் பக்கத்துல என்ன இருந்திச்சின்னு சொல்லுங்க."

"நூற்றுக்கணக்கில விடைத்தாள். ஞாபகம் இருக்குமோ?"

"எனக்கு இருக்கு சார். நான் ஒண்ணுதானே எழுதினேன்."

சிரிக்காமல் சொன்னார். நான்தான் சிரித்துவிட்டேன். அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"நான் சொல்ல வந்தது சார்."

"சொல்ல வந்ததை முதல் பந்தியிலேயே சொல்லியிருக்கலாமே. வகுப்பில சொல்லித் தந்திருப்பினமே."

"சொன்னாங்க. ஆனா முதல் பக்கம் எழுதுறப்ப எனக்கே தெரியாதே சார். எழுதிக்கிட்டுப் போகப் போகத்தான் வந்திச்சு. வந்த பொறகு பேனாவால எழுதினதை எப்படி முன்னுக்குக் கொண்டுபோறது?"

அவசரமா என்று கேட்டேன். அவர் ஹற்றன் பக்கம். பதினொரு வருடமாகக் கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்கிறார். தெமட்டகொடையில் ஒரு பாலர் பாடசாலையில் உதவி ஆசிரியை இடம் ஒன்று காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழைக் கொண்டுவந்தால் அவருக்கு, இல்லையென்றால் இன்னொருவருக்கு.

"கிடைக்காட்டி?"

"கிடைக்காட்டி அதே வீடுதான் சார்." குடையை மற்றக் கைக்கு மாற்றினார். "அடுத்த வருஷம் படிக்க விடுவாங்களான்னு தெரியாது. இந்த வருஷமே எத்தனையோ சொல்லி வந்தேன்."

படிவத்தில் முத்திரை குத்தி அவரை அனுப்பினேன். பிறகு நேராக அலுமாரிக்குப் போனேன்.

அந்த வருடத்துக் கேள்வி: 'வீட்டுப் பணியாளருக்கு எழுத்துமூல ஒப்பந்தம் அவசியமா? உமது நிலைப்பாட்டை நிறுவுக.' 147இன் முதற்பக்கம் இப்படித் தொடங்கியது: 'ஒப்பந்தம் வேண்டும் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.' ஓரத்தில் என் பென்சில் பூச்சியம். பொதுவாக நான் பென்சிலை அழுத்தாமல்தான் எழுதுவேன். இது அழுத்தமாக இருந்தது. இரண்டாம் மூன்றாம் பக்கங்களில் அந்த வீட்டில் விடியும் முறை. நான்காம் பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிய நாள்: சட்டத்தரணி வந்தது, இரண்டு மொழியில் வாசித்துக் காட்டியது, கையெழுத்துப் போட்டது. ஐந்தாம் பக்கத்தில் விடுமுறைத் தகராறு. ஒன்றுவிட்ட ஞாயிறு விடுமுறை என்று எழுதியதாக இவர் சொல்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு என்று வீட்டம்மா சொல்கிறார். தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். தாள் வீட்டம்மாவின் அலுமாரியில். சாவி வீட்டம்மாவுடன் கண்டிக்குப் போய்விட்டது.

ஆறாம் பக்கத்தின் நடுவில் இந்த வசனம்:

'ஒப்பந்தம் வீட்டுக்காரரின் அலுமாரியில் இருக்கும்வரை அது வீட்டுக்காரரின் பொருள். வேலை செய்பவளின் கையில் ஒரு பிரதி இல்லாவிட்டால் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான்.'

அதற்குப் பிறகு இரண்டு பக்கம் இந்த வசனத்தை நிறுவியிருந்தார். ஆட்சேபணைகளைத் தானே எழுப்பி, தானே பதில் சொல்லியிருந்தார். ஆறாம் பக்கத்தின் அடியில் என் சரி அடையாளம் இருந்தது. வாசித்திருக்கிறேன், சந்தேகமில்லை. அந்த வசனத்துக்கு நேரே ஓரத்தில், என்னுடைய ஒழுங்கான சிவப்பு எழுத்தில், 'வி'.

முதலில் வந்தது வெட்கமல்ல, வியப்பு. எதிலிருந்து விலகல்? நிலைப்பாடே இல்லையென்று நானே பூச்சியம் போட்ட கட்டுரை, எதைவிட்டு விலகும்? அந்தப் பென்சில் பூச்சியம், இதில் தேட ஒன்றுமில்லை என்று எனக்கே சொல்லியிருக்கிறது. ஆறாம் பக்கத்தில் நிலைப்பாடு எதிரே வந்து நின்றபோது, வழிதவறி வந்ததென்று முத்திரை குத்தியிருக்கிறேன். வாசிக்காமல் விட்டிருந்தால் அது சோம்பல். வாசித்துவிட்டு இப்படிச் செய்ததற்கு என்ன பெயர்?

மிஸிஸ் தேவராஜாவின் அறைக்குத் தாளுடன் போனேன். வாசிக்கத் தொடங்கும்போது இருந்தார். நான்காம் பக்கத்தில் எழுந்து நின்றார்.

"இந்த வி ஆற்றை?"

"என்ர, மிஸ்."

"ம்." கடைசிப் பக்கம்வரை வாசித்தார். "கேட்டுப் பார்ப்பம், வாரும்."

சமையலறையில் சோமா அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வசனத்தை மிஸிஸ் தேவராஜா எளிமையாக்கிச் சொன்னார். சோமா அக்காவின் கை நிற்கவில்லை.

"அது சரிதானே நோனா. நோனாமாருட அலுமாரியில இருந்தா அது நோனாமாருட கடதாசி. இதுல என்ன கேக்க இருக்கு?"

நான் திகைத்துப்போனேன். சோதனையின்படி வசனம் தோற்றுவிட்டது. மறுக்க யாருமில்லாத வசனம், கட்டுரை தேவையில்லாத வசனம். மிஸிஸ் தேவராஜா கதவருகிலிருந்து திரும்பினார்.

"சிவகுமார், இவ்வளவு காலமும் எல்லா வசனத்துக்கும் இவவிட்டையே கேட்டம்."

"ஓம் மிஸ்."

"இது இவவுக்கு எழுதினது இல்லை. எனக்கு எழுதினது." கண்ணாடியைக் கழற்றினார். "எங்கட வீட்டில வேலைக்கு நிக்கிற பிள்ளையின்ர கடதாசி என்ர அலுமாரியிலதான் கிடக்கு. துலைச்சுப்போடும் எண்டு நான்தான் வாங்கி வைச்சனான். இந்த வசனத்துக்கு எனக்கு மறுப்பு இருக்கு. நல்ல மறுப்புத்தான் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்."

"அதுக்கும் ஏழாம் பக்கத்தில பதில் எழுதியிருக்கிறா, மிஸ்."

"பாத்தனான்."

சோமா அக்கா துருவலைக் கிண்ணத்தில் தட்டினார். "பிள்ளை பாஸா நோனா?"

"இன்னும் இல்லை."

நிலைப்பாட்டு வசனம் வலுவானதா என்று அறிய, மறுப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. யாருக்கு மறுப்பு இருக்கும் என்று தேடி அந்த ஆளிடம் கேட்கவேண்டும். அன்றைய குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் எனக்குத் தோன்றாத விடயம் இது.

ஆனால் புள்ளியை மாற்றுவது அவ்வளவு சுலபமல்ல. அறைக்குத் திரும்பியதும் மிஸிஸ் தேவராஜா விதிப் புத்தகத்தை எடுத்தார். மீளாய்வு என்றால் கூட்டலைச் சரிபார்க்கலாம், திருத்தாமல் விட்ட பக்கம் இருந்தால் திருத்தலாம். இந்தத் தாளில் கூட்டல் சரி. எல்லாப் பக்கத்திலும் அடையாளம் இருந்தது. நான் போட்டிருந்த முப்பத்தாறு முப்பத்தாறுதான்.

"ஒரு வழி இருக்கு. திருத்தினதில பிழை விட்டிட்டன் எண்டு பரீட்சகரே எழுத்தில தரவேணும்."

"தாறன் மிஸ்."

"பொறும். தந்தா அந்தத் தாள் மட்டும் இல்லை, உம்மட கட்டு முழுக்க வேற ஆள் திருத்தவேணும். நூத்திப் பன்னிரண்டும். அடுத்த முறை உம்மைக் குழுவில எடுக்கேலாது. பெயரோட பணிப்பாளருக்கு அறிக்கை போகும். நான் எழுதின விதிதான், எண்டாலும் உமக்காக மாத்தமாட்டன்." பிறகு கேட்டார்: "அந்தப் பிள்ளையோட கதைச்சனீரோ?"

"கருமபீடத்தில கதைச்சனான்."

"அப்ப நீர் திருப்பித் திருத்தவும் ஏலாது. ஆளைக் கண்டிட்டீர். ஐஞ்சரைக்கு வந்து முடிவைச் சொல்லும்."

நேரம் நான்கு இருபது. என் மேசைக்கு வந்தேன். உடனே கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், உண்மையாக இராது. எனக்குத் தோன்றிய முதல் எண்ணம்: நூற்றுப்பன்னிரண்டில் ஒன்று. இருபத்திரண்டு வருடத்தில் ஒன்று. ஒன்றுக்காகக் கட்டு முழுவதையும் சந்தேகிப்பது முறையா? இரண்டாவது எண்ணம்: ஒன்றுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது கேள்வியைச் சோதித்துப் பார்க்க முடியும். கட்டை அவிழ்த்து, பூச்சியம் போட்ட மற்ற விடைத்தாள்களைப் பிரித்தெடுத்தேன். பதினொன்று. அவற்றைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வாசித்தேன். என் பென்சில் அடையாளத்தை முதலில் பார்க்காமலிருக்க வேறு வழி தெரியவில்லை. இதற்கு முன் அப்படி வாசித்ததேயில்லை, விநோதமாக இருந்தது. முடிவைப் படித்துவிட்டு, இந்த ஆள் இங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்று பின்னால் தேடிப்போவது. ஒன்பதில் எங்கேயும் ஒன்றுமில்லை. ஒன்றில் இருப்பதுபோல் தெரிந்து இல்லாமல் போனது. 188ஆம் இலக்கத்தில், கடைசிப் பந்தியின் கடைசி வரிக்கு முதல் வரியில், தெளிவான நிலைப்பாடு இருந்தது. அதற்கும் நான் 'வி' போட்டிருந்தேன்.

ஒன்றல்ல, இரண்டு. அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. ஐந்து இருபத்தைந்துக்கு மிஸிஸ் தேவராஜாவின் மேசையில் படிவத்தை வைத்தேன். இரண்டு இலக்கங்களையும் எழுதியிருந்தேன். அவர் வாசித்தார். பேனை மூடியைப் போடவில்லை. திறந்தபடியே இருந்த பேனையால் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"பன்னிரண்டு பூச்சியத்தையும் பாயிஸ் முதல்ல திருத்தட்டும். நாளைக்குக் காலமை நேரத்துக்கு வாரும். அவர் தொட முதல் உம்மட பென்சில் முழுக்க அழியவேணும்."

"சிவப்பு?"

"சிவப்பை அழிக்கேலாது. கிடக்கட்டும். ஆற்றை எண்டு பாக்கிறவைக்குத் தெரியட்டும்."

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீதி நூறு விடைத்தாளையும் திருத்தி முடிக்கப் பாயிஸுக்குப் பன்னிரண்டு நாள் சென்றது. "எனக்கு வேலை கூடிப் பெய்த்து சேர், உங்கட மனச்சாட்சியால," என்று தினமும் ஒருமுறை சொன்னார். பெரும்பாலான புள்ளிகள் என்னுடையவற்றுக்குப் பக்கத்திலேயே இருந்தன. ஒரு தாள் மட்டும் நினைவில் நிற்கிறது. முதற்பந்தியில் மிக அழகான நிலைப்பாட்டு வசனம். நான் இரட்டைக் கோடு போட்டு எழுபது கொடுத்திருந்தேன். பாயிஸ் நாற்பத்தொன்பது கொடுத்தார். அந்த வசனத்துக்குப் பின்னால் வந்த ஏழு பக்கங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வெளியிட்ட புள்ளியைக் குறைப்பதில்லை என்ற விதியால் அதை எழுதியவர் தப்பினார். நான் தப்பவில்லை: பூச்சியம் என் கண்ணை மூடியதுபோலவே கோடும் மூடியிருக்கிறது. பாயிஸ் இப்போது சொல்லும் தங்க வசனங்களைப் பற்றிக் கேட்கும்போது எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வருகிறது. முதல் வசனத்தை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று தேடுவதைவிட, ஆறாம் பக்கம் அந்த வசனத்துக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது என்பது என் எண்ணம். இது சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. புதிய பரீட்சகர்கள் சோதித்துப் பார்க்கவேண்டும்.

அடுத்த பரீட்சைக் காலத்தில் நான் குழுவில் இல்லை. நூலகத்தில் அட்டவணை எழுதினேன். அந்த இடைவெளியில் மிஸிஸ் தேவராஜா கோட்டுச் சுற்றை நிறுத்தினார். விடைத்தாளின் முதற்பக்கத்தில் நான்கு வரியை வெறுமையாக விட்டு அச்சிடச் செய்தார். மேலே ஓர் அறிவுறுத்தல்: 'எழுதி முடித்த பின்னரும் இவ்விடத்தை நிரப்பலாம்.' நான் திரும்பி வந்தபோது பார்த்தேன். பாதிப்பேர் அந்த நான்கு வரியை வேறு அவசரமான கையெழுத்தில், கடைசி நிமிடத்தில் நிரப்பியிருந்தார்கள். அவற்றில்தான் நல்ல வசனங்கள் அதிகம்.

செப்டெம்பர் 7, புதன்கிழமை. ஏழு இருபதுக்கே வந்துவிட்டேன். கதவைத் திறந்தவர் சோமா அக்கா. முதல் வேலையாக அழிரப்பரை எடுத்து, 147இன் முதற்பக்கத்தை மேசையில் விரித்து, பூச்சியத்தை அழித்தேன். அழுத்தி எழுதியதால் இரண்டு தடவை தேய்க்கவேண்டியிருந்தது. தூசியை ஊதிவிட்டு, தாளை எதிர்மேசையில் வைத்தேன். பாயிஸ் ஏழு முப்பத்தைந்துக்கு வந்தார். பச்சைப் பேனையைத் திறந்தார்.

"எங்க சேர் பாக்கச் சொல்றீங்க?"

ஆறாம் பக்கம் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது.

"முதல் பக்கத்தில இருந்து," என்றேன்.

அடுத்த தாளின் பூச்சியத்தை அழிப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் பக்கம் புரட்டும் சத்தத்தை எண்ணினேன். ஐந்தாவது சத்தத்துக்குப் பிறகு அடுத்தது வர நெடுநேரமானது. நிமிர்ந்தேன். பாயிஸ் தாளை மடித்துப் பிடித்தபடி முதற்பக்கத்துக்குத் திரும்பிப் போனார், அங்கிருந்து மறுபடி ஆறாம் பக்கத்துக்கு வந்தார். என் 'வி'யை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு அந்த வசனத்தின் கீழ், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, பச்சையால் கோடு போட்டார்.

எட்டு ஐந்துக்குப் புள்ளி அட்டையில் அறுபத்தொன்று என்று எழுதினார். செல்வராணியின் சான்றிதழ்க் கடிதத்தைத் தட்டச்சு செய்ய எனக்கு அனுமதியில்லை. அதை அவரே எடுத்துக்கொண்டு மிஸிஸ் தேவராஜாவின் அறைக்குப் போனார். நான் 188ஐ எடுத்துப் பூச்சியத்தை அழித்தேன்.